பேர் சொல்லும் எலி

நகரத்துக்கென்று மீட்புப் படை தொடங்கியதும் வீடு வீடாக வந்து குரல் பதிந்தார்கள். கட்டடம் இடிந்தால் சுண்டெலி அளவு இயந்திரம் ஒன்று இடுக்கில் நுழைந்து, உள்ளே சிக்கியவரை அவர் வீட்டாரின் குரலில், பதில் வரும்வரை கூப்பிட்டுக்கொண்டே இருக்கும்.

சொர்ணம் கணவரை நினைத்து, "ஏங்க" என்று பதிந்தாள்.

"அப்படிக் கூப்பிட்டா இந்த பிளாக்ல இருக்கிற அத்தனை வீட்டுக்காரரும் பதில் சொல்லுவாங்கம்மா. பேரைச் சொல்லுங்க," என்றாள் படையிலிருந்து வந்த ஜெனிபர்.

முப்பது வருஷமாகச் சொல்லாத பேர். கதவைச் சாத்திக்கொண்டு சொன்னாள்.

ஒத்திகையன்று அவள் கணவர் சிமெண்டுப் பலகைகளுக்கு அடியில் படுத்திருந்தார். இயந்திரம் உள்ளே போய், "தணிகாசலம்" என்று சொர்ணத்தின் குரலில் கூப்பிட்டது. ஏழு தடவை கூப்பிட்டும் பதில் இல்லை. ஜெனிபர் பதறிப்போய்ப் பலகையைத் தூக்கினாள். அவர் கண் விழித்தபடிதான் கிடந்தார்.

"ஏன் சார் பதிலே சொல்லல?"

"சொன்னா கூப்பிடறதை நிறுத்திடுமேம்மா."