சிரித்தால் எடுக்கும் கமரா

"சிரிச்சால் தானாவே எடுக்கும்" என்று எங்கள் மேலதிகாரி யசோதரன் சேர் அந்தச் சின்னக் கமராவை மறுபடியும் என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

பன்னிரண்டு மெகாபிக்சலாம். முகத்தைக் கண்டால் திரையில் மஞ்சள் சதுரம் விழுமாம். கந்தோரில் எல்லாரும் கையில் வாங்கிப் பார்த்து மெச்சினார்கள். எனக்கு அந்தச் சதுரத்தைக் கண்டாலே பிடிக்காது.

அரிப்புக் கிராமத்தில் மீளக்குடியேறிய சனத்துக்கு எங்கள் நிறுவனம் மலசலகூடம் கட்டிக் கொடுத்திருந்தது. வீடு இன்னும் தறப்பாள் கூடாரம்தான். ஆனாலும் கதவுக்குக் கதவு றிபன் கட்டி, முன்னால் ஆட்களை நிறுத்தி, சிரிக்கவைத்துப் படம் எடுத்து வெளிநாட்டுக்கு அனுப்பவேண்டும்.

எடித் அக்காவின் வீட்டு வளவு கடைசி. அவ முகாமில் இருக்கும்போதே மலசலகூடத்தைக் கட்டி முடித்துவிட்டோம். போன கிழமைதான் தனியாக வந்து சேர்ந்தா.

றிபனைப் பிடித்தபடி நின்றா. சிரிக்கவில்லை. சதுரம் அவவின் முகத்தில் விழுந்து காத்திருந்தது.

"கொஞ்சம் சிரியுங்கோ அக்கா. இல்லாட்டி இது எடுக்காது."

சொன்னதோடு நிற்காமல் சேர் தானே பல்லைக் காட்டி, இப்படித்தான் என்று சிரித்தும் காட்டினார்.

எடித் அக்கா அவரைப் பார்த்து அருவருப்பில் முகத்தைச் சுளித்தா. உதடு கோணியதில் பல் தெரிந்தது.

கிளிக்.

கமராவுக்கு அது போதுமாயிருந்தது. சேர் படத்தைப் பெருப்பித்துப் பார்த்து ரசித்தபடியே வாகனத்துக்குப் போனார்.

காறித் துப்பவேண்டும்போல இருந்தது. நல்லகாலம், நான் இந்த ஆளைப்போல இல்லை என்று நினைத்துக்கொண்டு றிபனை அவிழ்த்தேன்.

எடித் அக்கா கிட்ட வந்தா.

"தம்பி, இந்தக் கக்கூசுக்குக் குழி வெட்டேக்க நீங்கள்தானே நிண்டது?"

"ஓம் அக்கா."

"சண்டைக்குள்ள மகளைச் சவக்காலைக்குக் கொண்டுபோக ஏலாமப் போச்சு. இந்தப் பக்கமாத்தான் தாட்டனாங்கள். சரியா எந்த இடமெண்டு இப்ப மட்டுக்கட்ட முடியேல்லை." குரல் இறங்கியது. "ஒரு சின்னப் பெட்டி ஏதும் வந்ததோ?"

"இல்லை அக்கா. ஒண்டும் வரேல்லை."

அவ நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டா. பிறகு என் கையைப் பிடித்து, "நீங்கள் நல்லாயிருக்கோணும்" என்றா.

குழிக்குள்ளிருந்து வந்த உக்கின பலகையை மேசன் கூப்பிட்டுக் காட்டியபோது, வேலை பிந்துது, தூரக் கொண்டுபோய்க் கொட்டு என்று சொன்னவன் நான்தான்.