செவுளில் கோத்த கயிறு

மலாயாவில் பீடோங் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவும் சடையன், மெர்போக் ஆறு கடலில் விழும் இடத்தைத் தாண்டி, இரவல் வாங்கிய சம்பான் படகில் குந்தியிருக்கிறான். உச்சி வெயிலில் தண்ணீர் கண்ணைக் கூசவைக்கிறது. விடிந்ததிலிருந்து பிடித்த ஐந்து மீன்களையும், தோட்டத்து ஓடையில் செய்கிற பழக்கத்திலேயே, செவுளில் கயிறு கோத்து உயிரோடு கடலுக்குள் தொங்கவிட்டிருக்கிறான். மீன் துள்ளத் துள்ள வந்து சேர்ந்தால், சயாமில் ஜப்பான்காரன் போடும் ரயில் பாதைக்கு நாளை லாரியில் ஆள் அனுப்பும் பட்டியலிலிருந்து அவன் பெயரை அடித்துவிடுவதாகத் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி சொல்லியிருக்கிறார். கயிறு வெடுக்கென்று இறுகுகிறது. சம்பான் ஒரு பக்கம் சாய்கிறது. சாம்பல் நிற முதுகு ஒன்று பலகையை உரசிக்கொண்டு சாவகாசமாகப் போகிறது. அதன் பின்னாலேயே இன்னொன்று. "ஐயோ, சுறா! கயித்த விட்டுருங்க!" என்று எதிரே இருக்கும் அவன் மனைவி வேலாயி அலறுகிறாள். அவன் விடவில்லை. உள்ளங்கைத் தோல் உரிய உரிய இழுக்கிறான். கயிறு திடீரென்று லேசாகிறது. இரண்டு தலைகள் மட்டும் மேலே வருகின்றன. வாய்கள் இன்னும் திறந்து மூடுகின்றன. கடல் ஒன்றும் நடக்காததுபோல் தட்டையாகக் கிடக்கிறது. வேலாயி அந்தத் தலைகளை மடியில் வைத்துக்கொள்கிறாள்.

"இத மட்டும் குடுத்தா கிராணியாரு வாங்கிக்குவாரா?"

சடையன் கரையைப் பார்த்தபடி துடுப்பை எடுக்கிறான்.

"கிழிஞ்ச சட்டைய தச்சு வச்சிரு புள்ள. காலையிலயே லாரி வந்துரும்."