அவள் ஏறினால் வரும் சத்தம்

டயகம தேயிலைத் தோட்டத்தில் மாலை வெயில் பனிமூட்டத்துக்குள் மங்கிக்கொண்டிருக்கிறது. கொழுந்து நிறுக்கும் மடுவத்தின் அருகே யோகேந்திரன் குந்தியிருந்து, மோட்டார் சைக்கிளின் பின்சக்கரத்துக்கு மேலுள்ள மட்காட்டுக்குள் போன் வெளிச்சத்தை அடிக்கிறான். பின் டயர் மாற்றிய நாளிலிருந்து ஓர் உரசல் சத்தம். தனியாக ஓட்டினால் இல்லை. மனைவி சுதர்ஷினி பின்னால் ஏறியதும் வருகிறது. செயினைத் தளர்த்திப் பார்த்தான், பிரேக்கைத் திருகிப் பார்த்தான். இன்று காலை, வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக்களத்தில், கூடையோடு நின்ற பெண்களுக்கு முன்னால், "எல்லாம் ஒன் பாரந்தான், எறங்கி நட" என்றும் சொல்லிவிட்டான். எல்லோரும் சிரித்தார்கள். அவள் இறங்கிக்கொண்டாள். இப்போது உள்ளே ஒரு போல்ட்டின் முனை தேய்ந்து வெள்ளியாக மின்னுகிறது. சேற்றில் வழுக்காது என்று, கடைக்காரர் வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல், ஒரு சைஸ் பெரிய டயரை வாங்கியவன் அவன்தான். ஆள் ஏறி வண்டி அமுங்கினால் டயர் போய் அதில் முட்டுகிறது.

கொழுந்தை நிறுத்துவிட்டு சுதர்ஷினி வெளியே வருகிறாள். மற்றப் பெண்கள் பின்னால் வருகிறார்கள். அவன் குரலைத் தாழ்த்துகிறான். "டயர்தான் பெருசு புள்ள. ஒன் மேல ஒன்னுமில்ல. மாத்திடுறேன், ஏறு."

"காலையில எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொன்னீங்களே," என்கிறாள், அவனைப் பார்க்காமல். லயத்து வீடுகளுக்கு ஏறும் பாதையில் நடக்கிறாள். அவன் வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் அவள் பின்னாலேயே தள்ளிக்கொண்டு போகிறான். யாரும் ஏறாத சக்கரம் சத்தமே இல்லாமல் உருள்கிறது.