பாக்கியிருந்த ஒரு சம்மதம்

அண்ணன் ஷூவைக்கூடக் கழற்றாமல் வாசல் மிதியடியில் நின்றபடியே விஷயத்தைச் சொன்னான்.

"எல்லாரும் சரின்னுட்டாங்க. நீ மட்டும்தான் பாக்கி. நீ சரின்னாதான் லைசென்ஸை மாத்த முடியும்."

இத்தனை வருஷம் கழித்து வீட்டுக்கு வருகிறவன் பேசுகிற பேச்சு இது. எப்படி இருக்கிறாய் என்று ஒரு வார்த்தை இல்லை.

நான் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தேன்.

நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஆரம்பித்த மென்பொருள் அது. மருந்துக் கடையில் எந்த மாத்திரை எவ்வளவு இருக்கிறது, எது காலாவதியாகப் போகிறது என்று சொல்லும். யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், திறந்து பார்க்கலாம், மாற்றிக்கொள்ளலாம் என்பதுதான் அதன் லைசென்ஸ். பிறகு வேறு பலரும் சேர்ந்து ஆளுக்கொரு பகுதி எழுதினார்கள். காலாவதித் தேதி பார்க்கிற பகுதி நான் எழுதியது.

மூலைக்கு மூலை கிளை வைத்திருந்த பெரிய நிறுவனங்களும் அதை ஓசியில்தான் ஓட்டின. அவர்களிடமாவது காசு வாங்கு என்றேன். உனக்கு எல்லாமே வியாபாரம்தான் என்றான். வார்த்தை தடித்தது. நான் விலகிக்கொண்டேன். அன்றோடு பேச்சும் நின்றது.

இப்போது அதையேதான் செய்ய வந்திருக்கிறான். சின்னக் கடைகளுக்கு எப்போதும்போல இலவசம். பெரிய நிறுவனங்கள் பணம் கட்ட வேண்டும். அந்தப் பணம் வராவிட்டால், இத்தனை வருஷம் கட்டிக் காத்ததை மூட்டை கட்டிவிட்டு அவன் வேறு வேலை தேட வேண்டியதுதான்.

நான் அப்போதே சொன்னேனே என்று கேட்க நாக்கு துறுதுறுத்தது. அவனும் அதற்குத் தயாராகத்தான் தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றான். முன்நெற்றியில் முடி பாதி போயிருந்தது. அதை யாரும் என்னிடம் சொல்லவில்லை.

நான் கேட்கவில்லை. லேப்டாப்பைத் திறந்து சம்மதம் என்று தட்டினேன். ஒரு தட்டு, அவ்வளவுதான். மற்றவர்களுக்கெல்லாம் அவன் மெயிலில்தான் லிங்க் அனுப்பினானாம்.

"முடிஞ்சுது. ஷூவைக் கழட்டிட்டு உள்ள வாண்ணா, சாப்பிட்டுப் போகலாம்."

குனிந்து லேஸை அவிழ்க்க ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டான். மூக்கை உறிஞ்சினான். ஜலதோஷமாம்.

எழுதியவர்கள் எல்லோரையும் கேட்க வேண்டும் என்று விதி வைத்த மகராசன் யாரோ, நன்றாக இருக்கட்டும். இதை அண்ணனிடம் சொல்ல முடியாது. சொன்னால் குட்டு உடைந்துவிடும்.

லைசென்ஸ் மாறப்போகிறது என்று காதில் விழுந்த அன்றே நான் மென்பொருளைத் திறந்து பார்த்துவிட்டேன். நான் எழுதியதில் ஒரு வரிகூட இப்போது அதில் இல்லை. எப்போதோ முழுக்க அழித்துவிட்டுப் புதிதாக எழுதியாகிவிட்டது. எழுதியது இன்னும் அதில் இருக்கிறவர்களைக் கேட்டால் போதும். என் சம்மதம் தேவையே இல்லை.

அழித்து எழுதியது அண்ணன்தான்.