நாலே நாலு பேர்

இந்த ஞாயிற்றுக்கிழமையும் நாலே நாலு பேர்தான் வந்திருந்தார்கள்.

ஹைரம் குடிசை வாசலில் நின்று எட்டிப் பார்த்தான். ஒற்றையடிப் பாதையோரப் பலாமரத்தடியில் ஊர்க்கவுண்டர் மாதேஸ்வரன் நின்றிருந்தார். எதிரே இருசாயியும் அவள் புருஷன் முத்தனும். கவுண்டர் கையை ஆட்டி ஏதோ சொல்ல, இருவரும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்த வழியே திரும்பினார்கள்.

ஆக, ஜனங்களைத் தடுப்பது இவர்தான். ஹைரமுக்குச் சுருக்கென்றது.

கும்பினியார் ஆண்ட காலம் அது. ஹைரமுக்கு இருபத்தொரு வயது. அமெரிக்காவிலிருந்து கப்பலேறி, சென்னைப் பட்டணத்தில் ஒரு முன்ஷியிடம் ஒரு வருஷம் தமிழ் படித்து, புளியஞ்சோலை வழியாகக் கொல்லிமலை ஏறி வந்த, மார்மன் என்னும் கிறிஸ்தவ சபையின் ஊழியன்.

மீசைகூடச் சரியாக முளைக்காத அவனுக்குச் சபையில் பட்டம் 'மூப்பர்'. அதைக் கேட்டு மலை ஜனங்கள் இரண்டு நாள் சிரித்தார்கள். கள் குடிக்கமாட்டான், புகையிலை தொடமாட்டான் என்று தெரிந்ததும் இன்னும் இரண்டு நாள் சிரித்தார்கள். பெயர் வாயில் நுழையாமல், 'அயிரஞ்சாமி' ஆக்கிவிட்டார்கள்.

கூட வந்தவன் மலைக்காய்ச்சலில் விழுந்து கீழே இறங்கிப் போய்விட்டான். 'ஒருவராவது ஞானஸ்நானத்துக்கு இசைந்தால் இரு. இல்லாவிட்டால் இந்த மாதத்தோடு நீயும் இறங்கி வா' என்று சபைப் பெரியவரிடமிருந்து கடிதம் வந்திருந்தது. ஹைரமுக்கு இறங்க மனமே இல்லை. சாமைக் கஞ்சியும் மலைக்காற்றும் இந்த ஜனங்களும் அவனுக்கு அவ்வளவு பிடித்துப் போயிருந்தன.

முதல் வாரம் பிரசங்கம் கேட்க ஊரே திரண்டு வந்து உட்கார்ந்தது. அடுத்த வாரத்திலிருந்து நாலு பேர். அதுவும் வாராவாரம் வேறு வேறு நாலு பேர். ஒரே ஆள் திரும்பத் திரும்பக் கேட்டால்தானே விசுவாசம் பிறக்கும்?

அன்றைக்குப் பாட்டுப் பாடி, ஜெபம் சொல்லி, பிரசங்கத்தைப் பாதியிலேயே நிறுத்திவிட்டான்.

குடிசை முற்றத்தில் முன்னால் உட்கார்ந்திருந்த பொன்னாயி அண்ணாந்து சூரியனைப் பார்த்தாள். "அதுக்குள்ள முடிஞ்சு போச்சுங்களா சாமி? இன்னும் நேரம் இருக்குதுங்களே."

ஹைரம் விறுவிறுவென்று பலாமரத்தடிக்கு நடந்தான். கவுண்டர் அங்கேயேதான் இருந்தார். கொஞ்சம் தள்ளி, வீட்டுக்குப் போக மனமில்லாமல் இருசாயி புருஷனோடு நின்றுகொண்டிருந்தாள்.

"கவுண்டரே, தேவனுடைய வார்த்தையைக் கேட்க வருகிறவர்களை நீர் ஏன் தடுக்கிறீர்?" கோபத்திலும் முன்ஷி சொல்லிக்கொடுத்த தமிழ்தான் வந்தது.

"நானெங்கீங்க தடுத்தேன்? சாமை அறுப்பு சமயமுங்க. ஆளுக்கொரு வேலை..." கவுண்டர் தரையைப் பார்த்துக்கொண்டு இழுத்தார்.

"பொய் எதுக்குங்க மாமா?" என்று இருசாயி கிட்டே வந்தாள். "பன்னிக் காவலுக்குப் போடற மாதிரியே, வாரத்துக்கு நாலு ஊடுன்னு முறை போட்டுட்டாருங்க சாமி. பாட்டு நல்லா இருக்குதேன்னு நான் ஆசையா வந்தா, உன்ற முறை போன வாரமே முடிஞ்சுது, ஊட்டுக்குப் போன்னு தொரத்தறாரு."

ஹைரம் அந்தக் காவலைப் பார்த்திருக்கிறான். காட்டுப்பன்றி பயிரை அழிக்காமலிருக்க வீட்டுக்கு ஒருவர் முறைவைத்துக் காவல் காப்பார்கள். பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் முறை வந்தால் போயே ஆகவேண்டும்.

அவன் முகம் சுண்டிவிட்டது. பன்றிக் காவலும் தன் பிரசங்கமும் ஒன்றா? இத்தனை நாள் இவர்கள் உட்கார்ந்திருந்தது வேண்டாவெறுப்பாகத்தானா? பொன்னாயி சூரியனைப் பார்த்ததன் அர்த்தமும் இப்போது புரிந்தது.

"அப்படியானால் நான் நாளைக்கே இறங்கிப் போகிறேன்," என்றான்.

கவுண்டர் பதறிப்போனார்.

"கோவிச்சுக்காதீங்க சாமி. மொத வாரம் ஊரே வந்துச்சு. திரும்பிப் போறப்ப அத்தன பேரும், 'நல்லாத்தான் பேசறாரு, ஆனா நமக்குத்தான் நம்ம சாமி இருக்குதே, இனி எதுக்குப் போறது'ன்னாங்க. இவளாட்டம் பாட்டுக்கு வாரவளும் நாலு வாரத்துல சலிச்சு நின்னுருவா. அப்புறம் ஈ காக்கா வராதுங்க. அதுக்குத்தான் முறை போட்டேன். அடுத்த அறுப்பு வரைக்கும் போட்டு வெச்சிருக்கறனுங்க."

"யாருக்கும் விருப்பமில்லை என்றால், முறை எதற்கு?"

மாதேஸ்வரன் நிமிர்ந்து அவனைப் பார்த்தார்.

"எங்க குலசாமிய நாங்க உடமாட்டமுங்க. அதுக்காவ, பெத்தவங்கள உட்டுப்போட்டுக் கடல் தாண்டி வந்த புள்ள, கேக்கறதுக்கு ஆளில்லாம ஒத்தையில நின்னு பேசறத எங்க ஊரு பாத்துட்டு இருக்குமுங்களா, சாமி?"