தங்கச்சி வீட்டுக் குளியலறை

புதுக் குளியலறையிலிருந்து தண்ணீர் கீழ்வீட்டுக்கு ஒழுகியது. வேலை செய்த நிறுவனமோ போனையே எடுக்கவில்லை.

"அண்ணை, உங்கடை காசு அவ்வளவும் போயிட்டுதே!" என்று யோகம் கண்ணைக் கசக்கினாள்.

"அழாதை. கிரெடிட் காட்டிலைதான் கட்டினனான். வங்கி திருப்பி எடுத்துத் தரும்," என்றார் தயாபரன், ஜேர்மனியில் அவர்கள் இருக்கும் ஹம் நகரத்துச் சொந்தங்கள் எல்லாருக்கும் கேட்க வேண்டும் என்பதுபோல.

"கூடப்பிறந்தவளுக்கு இப்பிடி அள்ளிக் குடுக்கிற மனம் ஆருக்கு வரும்?" என்ற யோகம், அண்ணன் மனைவி சுலோஜனாவை ஒரு பார்வை பார்த்தாள். "சில பேருக்குக் கிள்ளிக் குடுக்கவும் மனம் வராது."

முதியோர் இல்லத்தில் காலை வேலை முடித்து, அதே உடுப்போடு வந்திருந்த சுலோஜனா ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். தயாபரன் தங்கச்சியை அதட்டவில்லை.

அவர் ஸ்பீக்கரைப் போட்டு வங்கியை அழைத்தார். எல்லாவற்றையும் கேட்ட வங்கிப் பெண் ஜேர்மன் மொழியில் சொன்னாள்:

"மன்னிக்கவும். உங்களிடம் இருப்பது துணை அட்டைதான். கணக்கும் சம்பளமும் உங்கள் மனைவியுடையவை. முறைப்பாட்டை அவர்தான் தர வேண்டும். இந்தப் பணத்தைக் கட்டியது அவருக்குத் தெரியுமா?"

தயாபரனுக்குக் காது மடல் சுட்டது. மனைவியிடம் அவர் ஒரு சொல்லும் கேட்டிருக்கவில்லை. யோகம் தலை குனிந்துகொண்டாள். இப்போது அவளுக்கு நிசமாகவே அழுகை வந்தது.

சுலோஜனா எழுந்து வந்து போனை வாங்கினாள்.

"ஓம், என்னைக் கேட்டுத்தான் கட்டினவர்," என்று ஜேர்மன் மொழியில் திருத்தமாகச் சொன்னாள். பிறகு யோகத்தின் பக்கம் திரும்பினாள்.

"அழாதையும். உம்மடை அண்ணருக்குத்தான் மனம் பெரிசெல்லே."