விசிறி இமை

மகள் நாளைக்கு வீட்டுவேலைக்காக ஹாங்காங் கிளம்புகிறாள். அம்மாக்காரியோ சந்தை மாடியில், கண்ணிமைக்குப் பொய்முடி ஒட்டிக்கொள்ள மாதிரிப் படங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

தெல்மாவுக்கு நம்ப முடியவில்லை. அண்ணன் மகள் ஜெனலினின் பெட்டியில் வைக்கக் கருவாடு வாங்க வந்தவள், கண்ணாடிக் கதவு வழியே அண்ணியைப் பார்த்துவிட்டு, கருவாட்டுப் பையோடு உள்ளே நுழைந்தாள். அழகு நிலையம் முழுக்க மீன் வாடை.

"என்ன அண்ணி, நாளைக்கு யாருக்குக் கல்யாணம்?"

மெர்லிட்டா திரும்பிப் பார்த்தாள். இமை ஒட்டும் பெண் ரோவெனாவிடம், "நீ சொல்லும்மா" என்றாள்.

"இது கிளாசிக், அக்கா. உங்க ஒரு முடிக்கு ஒரு முடி. ஒட்டினதே தெரியாது. இது வால்யூம். மெல்லிசு முடி அஞ்சாறு சேர்த்து, விசிறி மாதிரி விரிச்சு ஒட்டுவேன். மேடை ஏறுறவங்க போடுறது. ரெண்டும் வேணும்னா ஹைப்ரிட். உங்களுக்கு கிளாசிக்கே அழகா இருக்கும்."

"எது விலை ஜாஸ்தி?"

"வால்யூம்தான்."

"எல்லாரும் எது கம்மின்னு கேப்பாங்க" என்றாள் தெல்மா, கூரையைப் பார்த்து.

"தண்ணி பட்டா எது சீக்கிரம் கெடும்?" என்று மெர்லிட்டா அடுத்துக் கேட்டாள்.

"அதுவும் வால்யூம்தான், அக்கா. பசை நல்லா இறுகறதுக்கு ஒரு நாள் ஆகும். அதுக்குள்ள நனைஞ்சா விசிறியெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி, நனைஞ்ச கோழி இறகு மாதிரி ஆயிடும். அதனாலதான் கிளாசிக்..."

"வால்யூமே ஒட்டு" என்று சொல்லிவிட்டு, மெர்லிட்டா கட்டிலில் ஏறிப் படுத்துக்கொண்டாள்.

தெல்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "இதுக்கு ஏது அண்ணி காசு?"

"சேவலை வித்தேன்."

அண்ணனுடைய சண்டைச் சேவல்! புயலில் படகு போனபிறகு அந்த வீட்டில் மிச்சமிருந்த ஒரே கௌரவம் அதுதான்.

"அண்ணனுக்குத் தெரியுமா?"

"அவர்தான் வித்துக் குடுத்தார்."

புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்தே கெட்டுப்போனார்கள் என்று தெல்மா முடிவு கட்டினாள். பெற்ற பெண் அயலார் வீட்டுப் பாத்திரம் தேய்க்கப் போகிறது. இங்கே விசிறி கேட்கிறதாம், விசிறி!

"உங்க பொண்ணு இந்தத் தடவையாவது ஒழுங்காப் போவாளா? போன வருஷம் ஏர்போர்ட் வாசல் வரைக்கும் போயிட்டுப் பெட்டியோட திரும்பி வந்தாளே! கிடைச்ச வேலை வேறொருத்திக்குப் போச்சு. இதையும் விட்டா ஏஜென்சிக்காரன் இனிமே கூப்பிட மாட்டான். அந்தக் கவலை துளியாவது இருக்கா உங்களுக்கு?"

"பேசாதீங்க அக்கா, கண்ணு அசையுது" என்று ரோவெனா தெல்மாவையும் சேர்த்தே அடக்கினாள்.

எழுந்தபோது மெர்லிட்டா கடைப் பொம்மை மாதிரி இருந்தாள். துணி துவைத்துக் காய்த்த கை. அதற்கு மேலே இப்படி ஒரு கண்.

"நாளைக்கு சாயங்காலம் வரைக்கும் முகத்துல தண்ணி படக்கூடாது, அக்கா. ஆவி ஆகாது. சீரியல் பாத்து அழுதுட்டு, என்கிட்ட வந்து சண்டை போடக்கூடாது."

"வரமாட்டேன்" என்றாள் மெர்லிட்டா.

மறுநாள் மணிலா விமான நிலையத்துக்குச் சொந்தக்காரர் அத்தனை பேரும் ஒரே வேனில் அடைந்துகொண்டு போனார்கள். போன வருஷம் வர முடியாமல்போன தெல்மா, இந்த முறை முன் இருக்கையில். வழியெல்லாம் அவித்த முட்டையும் அழுகையும்தான். ஜெனலினின் தம்பிகள் அழுதார்கள். அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தெல்மா இரண்டு கைக்குட்டை நனைத்தாள். மெர்லிட்டா மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்து, முட்டை உரித்துக் கொடுத்துக்கொண்டே வந்தாள்.

வாசலுக்கு அப்பால் பயணிகள் மட்டும். ஜெனலின் எல்லோரையும் கட்டிக்கொண்டாள். நாலடி போனாள். நின்றாள். பெட்டியை விட்டுவிட்டுத் திரும்பினாள். நேரே அம்மாவின் முகத்தைத்தான் பார்த்தாள்.

மெர்லிட்டா அந்த முகத்தைத் தூக்கிக் காட்டி, இமைகளைப் படபடவென்று அடித்தாள்.

ஜெனலினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஐயோ அம்மா, பொம்மை மாதிரி இருக்க!" சிரித்துக்கொண்டே பெட்டியை இழுத்தாள். கதவு திறந்து மூடியது.

தெல்மாவால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. மரியாதையும் போயிற்று.

"கல்லா நீ? பெத்த பொண்ணு போகுது, ஒரு சொட்டு வரலையே! இமை கெட்டுடும்னா?"

"ஆமா தெல்மா. இமை கெட்டுடும்னுதான்." மெர்லிட்டா கதவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "போன வருஷம் அவ என் அழுகையைப் பாத்துத்தான் திரும்பி ஓடி வந்தா. அழமாட்டேன்னு மாதாவுக்கு வேண்டிக்கிட்டுத்தான் அன்னைக்கும் வந்தேன். அழுகை நிக்கலையே! மாதா மன்னிச்சுடுவான்னு இந்தக் கண்ணுக்குத் தெரிஞ்சுபோச்சு. ஆனா சேவலை வித்து ஒட்டினதை வீணாக்க எனக்கு மனசு வருமா, சொல்லு?"

மெர்லிட்டா தெல்மாவின் தோளைப் பிடித்துக் கதவுப் பக்கம் திருப்பினாள்.

"எனக்கு எல்லாம் கலங்கலாத் தெரியுது. நீ நல்லாப் பாத்துச் சொல்லு. போயிட்டாளா?"

தெல்மா கண்ணாடிக் கதவில் முகம் பதித்துப் பார்த்தாள். ஜெனலினின் நீலப் பெட்டி ஒரு மூலையில் திரும்பி மறைந்தது.

"போயிட்டா அண்ணி."

மெர்லிட்டா அப்படியே நடைபாதையில் உட்கார்ந்து, இமையை வீணாக்க ஆரம்பித்தாள்.